ஸிஹ்ர் (செய்வினை, சூனியம்) என்ற சந்தேகம் வந்தால்: வீட்டிலேயே ஓதிப் பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

குடும்பத்தில் ஒருவருக்குக் காரணம் புலப்படாத நோய் நீடித்தாலோ, ஒழுங்காக நடந்த வியாபாரம் திடீரென்று படுத்துவிட்டாலோ, அன்பாக இருந்த கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வெறுத்தாலோ, ‘செய்வினையாக இருக்குமோ’ என்று உறவினர்களில் ஒருவர் வாயெடுப்பது வழக்கம். அந்தச் சொல் விழுந்த பிறகு அந்த வீட்டில் இரண்டு தேடல்கள் தொடங்கிவிடுகின்றன: வைத்தது யார், எடுப்பவர் யார். பெரும்பாலான குடும்பங்களின் பணமும் நிம்மதியும் ஈமானும் (இறைநம்பிக்கையும்) கரைவது இந்த இரண்டு தேடல்களில்தான். ருக்யா என்னும் ஓதிப் பார்த்தலை நோயாளியும் அவருடைய வீட்டாரும் தாங்களே செய்துகொள்ள முடியும் என்பதையும், அதை எந்த வரிசையில், எந்த எல்லைக்குள் செய்ய வேண்டும் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறை

இந்த விஷயத்தில் நமக்கு முன்னுதாரணமாக இருப்பது ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ள நபிமொழிப் பதிவான ஹதீஸாகும். ஸுரைக் குலத்தைச் சேர்ந்த லபீத் பின் அஃஸம் என்பவன் நபி (ஸல்) அவர்களுக்கு ஸிஹ்ர் செய்தான். அதனால் தாம் செய்யாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றும் நிலை ஏற்பட்டது. அவர்கள் அல்லாஹ்விடம் துஆ (பிரார்த்தனை) செய்தார்கள், மீண்டும் மீண்டும் துஆச் செய்தார்கள். பின்னர் ஒரு நாள், கனவில் இரண்டு பேர் வந்து, ஒருவர் தலைமாட்டிலும் மற்றவர் கால்மாட்டிலும் அமர்ந்து பேசிக்கொண்டதன் மூலம் விவரம் முழுவதும் அறிவிக்கப்பட்டது: சீப்பு, சீவும்போது உதிர்ந்த முடி, ஆண் பேரீச்சம் பாளையின் உறை ஆகியவை தர்வான் என்ற கிணற்றில் போடப்பட்டுள்ளன. நபி (ஸல்) அவர்கள் தோழர்கள் சிலருடன் அங்கே சென்று பார்த்தபோது, கிணற்று நீர் மருதாணி ஊறிய தண்ணீரைப்போல் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். அதை வெளியே எடுக்கவில்லையா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ் தமக்குக் குணமளித்துவிட்டான் என்றும், மக்களிடையே தீமையைக் கிளப்பிவிடத் தாம் விரும்பவில்லை என்றும் நபியவர்கள் பதிலளித்தார்கள். அந்தக் கிணறு மூடப்பட்டது. செய்தவனின் பெயர் வஹீ (இறைச்செய்தி) மூலமாகவே தெரிந்திருந்த ஒருவர், அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து பகையாக்க மறுத்திருக்கிறார். ஒரு பாத்திரத்து நீரில் முகம் தெரிகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, நாத்தனாருடனோ மாமியாருடனோ ஆயுள் முழுவதும் பேசாமல் இருப்பவர்கள் இந்த ஹதீஸின் இறுதிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். இதில் பதினொரு முடிச்சுகள் இருந்ததாகவும், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு முடிச்சு அவிழ்ந்ததாகவும் பயான்களில் கேட்கிறோம். அந்த விவரம் வேறு நூல்களில் உள்ளதே தவிர, புகாரி, முஸ்லிம் அறிவிப்புகளில் இல்லை.

ஸிஹ்ருக்கு உண்மையான பாதிப்பு உண்டு என்பதும், அது நபித்துவத்தையோ வஹீயையோ தொடவில்லை என்பதும் பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. முற்கால இறையியல் பிரிவினரான முஃதஸிலாக்களும், ஹனஃபி அறிஞரான அபூபக்ர் அல்ஜஸ்ஸாஸ் போன்றவர்களும் இந்தச் செய்தியை ஏற்கவில்லை. தமிழகத்திலும் ஒரு சாரார் இதே கருத்தை வலியுறுத்தி வருகின்றனர். அந்த விவாதத்தை இங்கே தீர்க்க வேண்டிய அவசியமில்லை. எந்தத் தரப்பில் இருப்பவருக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 102ஆவது வசனம் பொது: அல்லாஹ்வின் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டு அவர்களால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது. இந்த வசனம் மனத்தில் நிலைபெறாமல் எத்தனை முறை ஓதினாலும், ஓதுதலும் பயத்தின் இன்னொரு வடிவமாகவே இருக்கும்.

முதல் படி: மருத்துவரிடம் செல்லுதல்

ருக்யா பற்றிய வழிகாட்டியில் மருத்துவத்தை முதலில் வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நிவாரணம் இல்லாத எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ள கட்டளை. ‘ஸிஹ்ரின் அடையாளங்கள்’ என்று கைப்பேசியில் சுற்றிவரும் பட்டியல்களைப் பாருங்கள்: தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சில் பாரம், வயிற்றில் புரட்டல், எரிச்சல், மறதி, பாம்புக் கனவு. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, மனச்சோர்வு, பதற்ற நோய் ஆகியவற்றிலும் இவற்றில் பலவற்றைக் காணலாம். நள்ளிரவில் விழித்து, கைகால் அசைக்க முடியாமல், மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் உணர்வதை நம் வீடுகளில் அமுக்குவான் பேய் என்பார்கள். அது உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையில் ஏற்படும் அறியப்பட்ட உடல்நிலை. வலிப்பு வருபவருக்கும், பிரசவமான சில வாரங்களில் அழுகையும் சந்தேகமும் குரல் கேட்பதுமாக மாறிப்போன பெண்ணுக்கும் மருத்துவ உதவி அன்றைக்கே தேவை. அங்கே தாமதம் உயிராபத்தாகலாம். தற்கொலை எண்ணம் பேச்சில் வெளிப்பட்டால், தமிழகத்தில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர், ருக்யா தொடங்கிவிட்டது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையையும் மனநல மாத்திரையையும் திடீரென நிறுத்துவதால் வரும் மோசமான விளைவை ‘உள்ளே இருப்பது எதிர்க்கிறது’ என்று விளக்கம் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள்.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்து துஆக் கேட்ட நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமடையத் துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் கூறியபோது, அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்து, வலிப்பின்போது ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கட்டிவைக்கவில்லை, அடிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஏர்வாடி தர்கா பகுதியிலேயே பின்னர் அரசு மனநல மருத்துவச் சேவை ‘தவா–துவா’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற பெயரில் தொடங்கப்பட்டது. மார்க்கம் சொல்லும் வரிசையும் ஏறத்தாழ இதுவே.

இரண்டாம் படி: தவறான வாசல்களை மூடுதல்

ஓதத் தொடங்குவதற்கு முன் வீட்டில் இருக்கும் தகடு, மந்திரித்த கயிறு, வாசலில் கட்டிய மூட்டை, பொருள் புரியாத எழுத்துகள் கொண்ட காகிதம் ஆகியவற்றை அகற்ற வேண்டும். தாயத்தைத் தொங்கவிட்டவர் இணைவைத்துவிட்டார் என்ற ஹதீஸ் அஹ்மத் என்ற ஹதீஸ் நூலில் பதிவாகியுள்ளது. குர்ஆன் வசனம் மட்டுமே எழுதப்பட்ட தாயத்தில் ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்தது. அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அதையும் வெறுத்தார்கள். தைத்து மூடிய தாயத்தின் உள்ளே வசனம்தான் இருக்கிறதா, கட்டங்களும் எண்களும் இருக்கின்றனவா என்பது அணிந்திருப்பவருக்கே தெரியாது என்ற ஒரு காரணமே, என் பார்வையில், அதைக் கழற்றிவிடப் போதுமானது.

குறி கேட்பது, மை போட்டுப் பார்ப்பது, பால் கிதாபு (குறி பார்க்கும் நூல்) பார்ப்பது ஆகியவை இதைவிடக் கடுமையானவை. குறி சொல்பவனிடம் சென்று ஒன்றைப் பற்றிக் கேட்டவரின் நாற்பது இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்று முஸ்லிமில் உள்ளது. ஸிஹ்ரை இன்னொரு ஸிஹ்ரால் எடுக்கும் முறையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது ஷைத்தானின் வேலை என்று நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அறிஞர் இப்னுல் கையிம் இதை இரண்டாகப் பிரித்து விளக்குகிறார்: சூனியத்தால் சூனியத்தை எடுப்பது விலக்கப்பட்டது, குர்ஆனாலும் துஆவாலும் ஆகுமான மருந்தாலும் எடுப்பது அனுமதிக்கப்பட்டது. ‘எங்கள் ஊர் ஆள் முஸ்லிம்தான், அவரும் ஓதித்தான் எடுக்கிறார்’ என்பது போதாது. என்ன ஓதுகிறார், கோழியோ ஆடோ யாருக்காக அறுக்கச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

தொழுகையில் தவறியிருப்பவர் தவ்பா (பாவமன்னிப்புத் தேடல்) செய்து ஐவேளையும் தொழத் தொடங்குவது, பிறர் உரிமையைப் பறித்திருந்தால் திருப்பிக் கொடுப்பது, இயன்ற அளவு ஸதகா (தர்மம்) கொடுப்பது ஆகியவையும் இந்தப் படியைச் சேர்ந்தவை.

மூன்றாம் படி: ஓதுதல்

வழிமுறையை வகுத்துக் கொடுப்பது அவ்ஃப் பின் மாலிக் (ரலி) அறிவிக்கும் முஸ்லிம் ஹதீஸ். இஸ்லாத்துக்கு முந்தைய ஜாஹிலிய்யாக் காலத்தில் தாங்கள் ஓதி வந்தவற்றைப் பற்றி அவர்கள் கேட்டபோது, அவற்றைத் தம்மிடம் ஓதிக் காட்டுமாறும், இணைவைப்பு கலக்காதவரை தவறில்லை என்றும் நபியவர்கள் கூறினார்கள். இதிலிருந்து அறிஞர்கள் மூன்று நிபந்தனைகளை எடுத்தார்கள்: அல்லாஹ்வின் வார்த்தையாலோ அவனுடைய திருப்பெயர்களாலோ இருக்க வேண்டும், பொருள் விளங்கும் மொழியில் இருக்க வேண்டும், குணமளிப்பது ஓதுதல் அல்ல, அல்லாஹ்வே என்ற நம்பிக்கை இருக்க வேண்டும்.

ஒளுச் செய்துகொண்டு, தொலைக்காட்சி முதலியவற்றை நிறுத்திவிட்டு, கிப்லாவை நோக்கி அமர்ந்துகொள்வது நல்லது. சுபுஹுக்குப் பின்போ மஃக்ரிபுக்குப் பின்போ ஒரு நேரத்தை வழக்கமாக வைத்துக்கொண்டால் விடாமல் தொடர முடியும். நோயாளி தமக்குத் தாமே ஓதிக்கொள்வதே சிறந்தது. விசாரணையின்றிச் சொர்க்கம் செல்லும் எழுபதாயிரம் பேரின் பண்புகளில் பிறரிடம் ஓதிப் பார்க்குமாறு கேட்காமல் இருப்பதும் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளது. ஓத முடியாத நிலையில் இருப்பவருக்குத் தாயோ தந்தையோ கணவனோ மனைவியோ ஓதலாம். நபியவர்களின் இறுதி நோயில் ஆயிஷா (ரலி) அவர்களே ஓதி, நபியவர்களின் கையைக் கொண்டே அவர்களின் உடலைத் தடவினார்கள்.

முதலில் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஸூரத்துல் ஃபாத்திஹா. தேள் கொட்டிய ஒரு கூட்டத்தின் தலைவருக்கு ஸஹாபி ஒருவர் ஃபாத்திஹாவை மட்டும் ஓதி, அவர் கட்டவிழ்ந்தவர்போல் எழுந்து நடந்ததையும், அது ஓதிப் பார்ப்பதற்கு உரியது என்று உமக்கு எப்படித் தெரியும் என்று நபியவர்கள் கேட்டதையும் புகாரியில் காணலாம். அடுத்து ஆயத்துல் குர்ஸி (2:255), அல்பகராவின் இறுதி இரண்டு வசனங்கள் (2:285, 286). அதன்பின் ஸிஹ்ர் முறியடிக்கப்பட்டதைச் சொல்லும் மூன்று பகுதிகள்: அல்அஃராஃப் 117 முதல் 122 வரை, யூனுஸ் 79 முதல் 82 வரை, தாஹா 65 முதல் 69 வரை. மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களை எதிர்கொண்ட இந்த வசனங்களை அறிஞர்கள் பொருத்தம் கருதித் தேர்ந்தெடுத்தார்கள். ஸிஹ்ருக்கென்று நபியவர்கள் இவற்றைத் தனியாகக் குறிப்பிட்டதாக ஹதீஸ் இல்லை. யூனுஸ் 81இல் ‘நீங்கள் கொண்டுவந்தது சூனியமே, அல்லாஹ் அதை அழித்துவிடுவான்’ என்று மூஸா (அலை) சொல்லும் இடத்தைப் பொருள் உணர்ந்து, நிறுத்தி ஓத வேண்டும். இறுதியாக இஃக்லாஸ், ஃபலக், நாஸ் ஆகிய மூன்று ஸூராக்களையும் மும்மூன்று முறை ஓத வேண்டும். முடிச்சுகளில் ஊதுபவர்களின் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடுமாறு ஸூரத்துல் ஃபலக் நேரடியாகவே கற்பிக்கிறது.

கையின் செயல் இப்படி இருக்கட்டும்: இரு உள்ளங்கைகளையும் துஆவுக்கு ஏந்துவதுபோல் சேர்த்து, வாய்க்கு அருகில் கொண்டுவந்து, மூன்று ஸூராக்களையும் ஓதி, எச்சில் தெறித்தும் தெறிக்காத மென்மையான ஊதலாக ஊதி, தலை, முகம், உடலின் முன்பகுதி என்று தொடங்கி எட்டும் இடமெல்லாம் தடவ வேண்டும், இதை மூன்று முறை செய்ய வேண்டும். நபியவர்கள் ஒவ்வோர் இரவும் படுக்கைக்குச் செல்லும்போது இவ்வாறு செய்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். குழந்தைக்கு ஓதுபவர் தம் கையில் ஊதிக் குழந்தையைத் தடவிவிடலாம்.

வலி இருக்கும் இடத்தில் கையை வைத்து ‘பிஸ்மில்லாஹ்’ என்று மூன்று முறையும், ‘அஊது பில்லாஹி வகுத்ரத்திஹி மின் ஷர்ரி மா அஜிது வஉஹாதிர்’ என்று ஏழு முறையும் சொல்லுமாறு உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் (முஸ்லிம்). நான் உணரும், நான் அஞ்சும் தீங்கிலிருந்து அல்லாஹ்விடமும் அவனுடைய ஆற்றலிடமும் பாதுகாப்புத் தேடுகிறேன் என்பது இதன் பொருள். பிறருக்கு ஓதுபவர் ‘அத்ஹிபில் பஃஸ ரப்பன்னாஸ், இஷ்ஃபி அன்தஷ் ஷாஃபீ, லா ஷிஃபாஅ இல்லா ஷிஃபாஉக, ஷிஃபாஅன் லா யுகாதிரு ஸகமா’ என்ற துஆவையும், நபியவர்களுக்கு ஜிப்ரீல் (அலை) ஓதிய ‘பிஸ்மில்லாஹி அர்கீக மின் குல்லி ஷையின் யுஃதீக, மின் ஷர்ரி குல்லி நஃப்ஸின் அவ் ஐனி ஹாஸிதின், அல்லாஹு யஷ்ஃபீக, பிஸ்மில்லாஹி அர்கீக’ என்பதையும் ஓதலாம். தமிழ் எழுத்தில் அரபு உச்சரிப்பு முழுமையாக வராது. தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் ஒருமுறை ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு தமிழிலேயே மனம் விட்டுத் துஆக் கேட்கலாம். தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) வேளையில் அழுது கேட்கும் நான்கு தமிழ் வாக்கியங்கள், பொருள் தெரியாமல் எண்ணி முடிக்கும் ஆயிரம் தடவைக்குக் குறைந்தவை அல்ல.

மாதவிலக்கில் இருக்கும் பெண் ஓதலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். குர்ஆனை ஓதும் எண்ணத்தில் ஓதுவதைத் தடுக்கும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிலும் (சட்டப் பள்ளிகளிலும்), துஆவின் பொருள் கொண்ட வசனங்களைத் துஆ, திக்ரு என்ற நிய்யத்தில் சொல்வதற்கு அனுமதி உண்டு. மற்றவர் ஓத அவர் கேட்பதற்கும் அவருக்கு ஓதி ஊதுவதற்கும் தடை இல்லை.

ஸூரத்துல் பகராவை வீட்டில் ஓதுவது தனிச் சிறப்புடையது. சூனியக்காரர்களால் அதை எதிர்கொள்ள முடியாது என்று முஸ்லிமில் உள்ளது. முழுவதையும் ஒரே அமர்வில் ஓத முடியாதவர்கள் வீட்டாருக்குள் பகிர்ந்துகொண்டு சில நாள்களில் ஓதி முடிக்கலாம். ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுச் சமையல் வேலையைப் பார்ப்பதைவிடத் தட்டுத்தடுமாறி ஒரு பக்கம் ஓதுவது மேலானது.

தண்ணீரும் இலந்தை இலையும்

மேற்கண்டவற்றைத் தண்ணீரில் ஓதி ஊதிக் குடிப்பதையும் குளிப்பதையும் முன்னோர்களில் பலர் அனுமதித்துள்ளனர். ஸிஹ்ருக்காகச் சொல்லப்படும் இலந்தை இலை முறை வஹ்ப் பின் முனப்பிஹ் என்ற தாபிஈயின் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினர்) வாயிலாக வந்தது. புகாரியின் விரிவுரையான ஃபத்ஹுல் பாரியில் பதிவாகியுள்ள அது நபிமொழி அன்று, அனுபவ மருத்துவம். பச்சை இலந்தை இலை ஏழை நன்றாகக் கழுவி, அம்மியிலோ இரு கற்களுக்கிடையிலோ வைத்து நசுக்கி, குளிக்கப் போதுமான தண்ணீரில் கலந்து, ஆயத்துல் குர்ஸியும் ‘குல்’ என்று தொடங்கும் ஸூராக்களும் ஓதி, மூன்று மிடறு குடித்துவிட்டு மீதியில் குளிப்பது அதன் செய்முறை. மையித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டும் வழக்கத்தால் இலந்தை இலை நம் ஊர்களில் அறிமுகமானதுதான். கிளை முள்ளைப் பார்த்துப் பறிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரே போதும். ‘ருக்யா தொகுப்பு’ என்று எண்ணெய், உப்பு, இலைப்பொடி எல்லாம் சேர்த்து விலை வைத்து விற்பதை வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

காலையில் ஏழு அஜ்வாப் பேரீச்சம்பழம் உண்பவரை அன்று விஷமோ சூனியமோ தீண்டாது என்ற ஹதீஸ் ஆதாரப்பூர்வமானது. வசதியுள்ளவர் உண்ணலாம், சர்க்கரை நோயாளி தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தேகப்படும்படியான பொருள் கண்ணில் பட்டால்

முடிச்சிட்ட முடி, ஊசி குத்திய பொம்மை போன்றவை தற்செயலாக வீட்டிலேயே கிடைத்தால், முஅவ்விததைன் எனப்படும் ஃபலக், நாஸ் ஸூராக்களை ஓதிக்கொண்டு, முடிச்சுகளை அவிழ்த்து, புதைத்துவிட்டோ எரித்துவிட்டோ மறந்துவிட வேண்டும். தரையைத் தோண்டித் தேட வேண்டாம். அடுப்படியையும் அஸ்திவாரத்தையும் தோண்டச் சொல்லி, தோண்டிய குழியிலிருந்து தகட்டை எடுத்துக் காட்டுபவர் அதைத் தம் சட்டைக் கையில் கொண்டுவந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். செம்பருத்திப் பூவைத் தேய்த்து உலரவிட்ட கத்தியால் எலுமிச்சையை வெட்டினால் சாறு சிவந்து ‘இரத்தம்’ வரும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பது ஆரத்தி கரைக்கும் எவரும் அறிந்தது.

எத்தனை நாள்?

கெடு எதுவும் இல்லை. 41 நாள், 313 தடவை என்ற கணக்குகளுக்கு இந்த விஷயத்தில் நபிவழி ஆதாரம் கிடையாது. குணம் உடனே தெரியலாம், மாதங்கள் ஆகலாம். ஓதும்போது கொட்டாவி, கண்ணீர், உடல் நடுக்கம் வந்தால் அதை ஸிஹ்ருக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயந்த மனம், உணர்ச்சி மிகுந்த சூழலில், இவை எல்லாவற்றையும் தானே செய்யும். நோயாளி ஜின்னின் குரலில் ஒரு பெயரைச் சொன்னாலும் அது சாட்சியம் ஆகாது. ரமளான் ஸகாத்தைக் காவல் காத்த அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் வந்த ஷைத்தானை ‘அவன் பெரும் பொய்யன்’ என்றே நபியவர்கள் வர்ணித்தார்கள்.

நலம் திரும்பிய பிறகும் காலை மாலை திக்ருகளை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ‘பிஸ்மில்லாஹில்லதீ லா யளுர்ரு மஅஸ்மிஹி ஷையுன் ஃபில் அர்ளி வலா ஃபிஸ்ஸமாயி வஹுவஸ் ஸமீஉல் அலீம்’ என்பதைக் காலையிலும் மாலையிலும் மும்மூன்று முறை, ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஆயத்துல் குர்ஸி, படுக்கையில் மூன்று குல் ஸூராக்கள். இவ்வளவுக்குச் சில நிமிடங்களே ஆகும்.

பிறரிடம் செல்லத்தான் வேண்டும் என்றால்

வீட்டில் ஓத ஆளில்லாதபோது, தொழுகையைப் பேணுபவரும் ஊராரால் அறியப்பட்டவருமான ஒரு ஹஜ்ரத்தை அழைக்கலாம். அவர் மற்றவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாக ஓத வேண்டும். நோயாளியின் பெயருடன் தாயின் பெயரைக் கேட்பவர், அணிந்த துணியையோ முடியையோ கேட்பவர், குறிப்பிட்ட நிறத்தில் கோழி கேட்பவர், வாய்க்குள் முணுமுணுப்பவர், கட்டம் போட்டு எண் எழுதுபவர், செய்தவரின் சாடையைச் சொல்பவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். பெண்ணுடன் மஹ்ரமான (மணமுடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய உறவினரான) ஆண் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். கதவைச் சாத்தச் சொல்வதற்கும் உடலைத் தொடுவதற்கும் எந்த ஓதலிலும் இடமில்லை. அடிப்பது, கழுத்தை அழுத்துவது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது ஆகியவை குற்றங்கள். காவல்துறையிடம் செல்ல வேண்டியவை. தாயத்து, மந்திரம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதே இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது.

ஓதுவதற்குக் கூலி வாங்கலாமா என்றால், தேள் கொட்டிய தலைவருக்கு ஓதியவர்கள் ஓர் ஆட்டு மந்தையைப் பெற்றதையும், அதில் தமக்கும் ஒரு பங்கு வைக்குமாறு நபியவர்கள் சொன்னதையும் கொண்டு அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் அந்த ஆடுகள் நோயாளி எழுந்து நடந்த பிறகு கொடுக்கப்பட்டவை. வந்ததும் பெருந்தொகையை முன்பணமாகக் கேட்பவருக்கும், பணம் தீர்ந்ததும் ‘இன்னொரு கட்டு பாக்கி இருக்கிறது’ என்று அடுத்த தவணைக்கு அழைப்பவருக்கும் அந்த ஹதீஸில் ஆதாரம் இல்லை.